ஒன்பது வழிகளில் பணம் செலுத்தலாம்

பிஷ்கெக்,
ஜூலை 8

அண்ணனுக்கு,

நாம் பேசிப் பத்து மாதமாகிறது. உங்கள் மேய்ச்சல் நிலத்தில் போன் சிக்னல் இல்லாததில் ஒரு வசதி: நாம் பேசாமலிருப்பதற்குச் சண்டைதான் காரணம் என்று ஊருக்குத் தெரியாது. புளித்த குதிரைப்பால் குமிஸைக் கேன்களில் ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை இங்கே வருகிற ஜுமாஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டால் அதையாவது அவனிடம் சொல்லியனுப்புங்கள்.

சாய்கலின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஆறு வயதுக் குழந்தை, மூன்றாவது படியில் உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால், "நான் ஒண்ணும் களைச்சுப்போகலம்மா, இந்தப் படி எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள். ஆகஸ்ட் 12 அன்று வெளிநாட்டிலிருந்து ஓர் அறுவை நிபுணர் ஒரு வாரத்துக்கு வருகிறார். அறுவை சிகிச்சை இலவசம். வால்வு இலவசமில்லை, அதைப் பெற்றவர்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். நான்கு லட்சத்து இருபதாயிரம் சோம், ஆகஸ்ட் 10க்குள். தவறவிட்டால் அவர் அடுத்த வசந்தத்தில்தான் வருவார். அதுவரை குழந்தை தாங்குமா என்று இங்குள்ள டாக்டரிடம் கேட்டேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

சாய்கலின் அப்பா சைபீரியாவில் தார்ச்சாலை போடுகிறார். இரண்டு வருஷமாகியும் அந்தச் சாலை எங்கள் பக்கம் வரவில்லை.

இங்கே ஒரு கருணை நிதியம் எங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேரிம் என்று ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் அச்சடித்த தாளில் சாய்கலின் படம், என் போன் எண், அதன் கீழே 'ஒன்பது வழிகளில் பணம் செலுத்தலாம்' என்று தலைப்பு. கார்டு, வங்கி, குறுஞ்செய்தி, சுவரொட்டியில் உள்ள கறுப்புக் கட்டம், போன் எண்ணில் இயங்கும் வாலட், மாதச் சந்தா, இன்னும் என்னவோ. ஒன்பதாவது வழி, கண்ணால் பார்க்க முடியாத ஏதோ ஒரு காசு. ரொக்கமாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "ரொக்கத்துல வெளிப்படைத்தன்மை இல்லக்கா" என்றாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி விஷயம். செப்டம்பரில் அப்பாவின் வருஷ நினைவு விருந்துக்கு வெட்ட நீங்கள் மூன்று குதிரைகளைக் கொழுக்க வைத்திருப்பது எனக்குத் தெரியும். அவற்றைக் கேட்கிறேன். விருந்தை அடுத்த வருஷம் வைக்கலாம். அப்பாவுக்கு இனி அவசரம் எதுவும் இல்லை.

பர்ச்சின்


கரா-ஜில்கா மேய்ச்சல்,
ஜூலை 12

பர்ச்சின்,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. சாணம் காய்ந்திருக்கிறது, காகிதம் தேவைப்படவில்லை.

குழந்தையைப் பற்றிப் படித்தேன். உன் அண்ணி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு வெளியே போனவள் வெகுநேரம் பால் கறந்தாள். அன்று கறக்க அவ்வளவு பால் இல்லை.

குதிரைகளைப் பற்றி. போன செப்டம்பரில், அப்பாவைப் புதைத்த அன்று, நானூறு பேர் நடுவில் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகமிருக்கிறது. "உயிரோட இருந்தப்ப மருந்து வாங்க காசில்ல, செத்தப்புறம் ரெண்டு குதிரையா?" என்றாய். தூதாலி பெரியப்பா அப்போது எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பத்து மாதமாகச் சுமக்கிறேன்; நீ பிஷ்கெக் போய்விட்டாய். வருஷ விருந்தையும் வைக்காவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் என்னைப் பார்த்து நாய்கூடக் குரைக்காது. குதிரைகள் அப்பாவுடையவை. தர முடியாது.

நிதியத்தின் தாளைப் பார்த்தேன். ஒன்பது வழியில் ஒன்றுகூட ஆட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்களிடம் ஆடுதான் இருக்கிறது.

இருந்தாலும் உப்பு வாங்கக் கீழே கிராமத்துக்குப் போனபோது, பேசவேண்டியவர்களிடம் பேசினேன். அவ்வளவுதான் சொல்வேன். இதற்காக நன்றிக் கடிதம் எழுதாதே. நாம் பேசிக்கொள்வதில்லை.

எஸ்தெபெஸ்


பிஷ்கெக்,
ஜூலை 19

அண்ணனுக்கு,

நன்றிக் கடிதம் இல்லை. கவலைப்படாமல் படியுங்கள்.

திங்கட்கிழமை காலை என் போன் அதிர ஆரம்பித்தது. ஐந்நூறு, இருநூறு, ஆயிரம் என்று மூன்று நாள் நிற்கவில்லை. நம் பள்ளத்தாக்கே அனுப்புகிறது என்று தெரிந்தது. என்னை எப்போதும் முறைத்துப் பார்க்கும் தபால்காரர் மனைவிகூட அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். சாய்கல், "இனிமே வேற படியிலயும் உக்காரலாமா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் மேரிம் வாலட்டைத் திறந்து பார்த்தாள். அதில், நகரத்து மக்கள் கொடுத்த தொண்ணூற்றாறாயிரம் மட்டும் அப்படியே இருந்தது. நம் ஊரின் பணம் ஒரு சோம்கூட அங்கே இல்லை. இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரமும் என் போனில் ரீசார்ஜாக ஏறியிருக்கிறது.

புரிகிறதா? கடை வாசலில் நிற்கிற, பணம் கட்டும் மெஷினில் என் எண்ணை அழுத்தினால் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று வாலட். இன்னொன்று பேச்சுக்கான பேலன்ஸ். நம் ஊர்க்காரர்கள் மாஸ்கோவிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருஷமாக எந்தப் பொத்தானை அழுத்துகிறார்களோ அதையே அழுத்தியிருக்கிறார்கள். ஜுமாஷ் சொன்னான்: மெஷின் மேல் யாரோ ஒரு புத்திசாலி தாள் ஒட்டியிருக்கிறானாம். 'பர்ச்சின் எண்ணில் ரீசார்ஜ் செய்யவும், வழக்கம் போல' என்று பெரிய எழுத்தில்.

போன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். கழுத்தில் நீலத் துணி கட்டிய ஒரு பையன் கணினியைப் பார்த்தான், பிறகு மரியாதையாக எழுந்து நின்றான்.

"இது இப்ப பணம் இல்லக்கா. சேவையாயிடுச்சு."

"அதைத் திரும்பப் பணமா ஆக்கு தம்பி. குழந்தைக்கு ஆபரேஷன்."

"போட்டவங்க ஒவ்வொருத்தரும் பாஸ்போர்ட்டோட, மெஷின் குடுத்த ரசீதோட நேர்ல வரணும். பதினாலு நாளுக்குள்ள."

இருநூற்றுப் பதினான்கு பேர். எல்லோரும் மலைமேல். ரசீதால் அடுப்புப் பற்ற வைத்திருப்பார்கள். அழுதேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பையன் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தான். மேலாளர் என்னிடம் கைகுலுக்கி, இந்த ஆண்டின் தலைசிறந்த வாடிக்கையாளர் நான்தான் என்று சொல்லி ஒரு குடை கொடுத்தார். நல்ல குடை. எண்பது நாள் மூச்சுவிடாமல் பேசும் அளவுக்குப் பேலன்ஸ் இருக்கிறதாம். சிக்னலே இல்லாத ஒரே ஓர் ஆளுடன்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்தத் தாளை ஒட்டியது யார் என்று கண்டுபிடியுங்கள். அவன் பெயர் மட்டும் எனக்கு வேண்டும்.

பர்ச்சின்


கரா-ஜில்கா,
ஜூலை 23

பர்ச்சின்,

எஸ்தெபெஸ்.

கையெழுத்தை மேலே போட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நீ கேட்ட பெயர் அது.

சந்தைக்குப் போய்க் கறுப்பு மை பேனா வாங்கி எழுதினேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை எழுதினேன். கிழவர்கள் வந்தபோது மெஷின் பக்கத்தில் நின்று நானே விரலைப் பிடித்து அழுத்தவைத்தேன். தூதாலி பெரியப்பா, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். நான்தான், "வழக்கம் போலதான் பெரியப்பா, பயப்படாதீங்க" என்றேன். இரண்டு நாள் அங்கேயே நின்றேன். மந்தையை உன் அண்ணி பார்த்துக்கொண்டாள். முதலில் போட்ட பத்தாயிரமும் என்னுடையதுதான்.

திரும்பவும் கேட்கலாம் என்று நேற்று கீழே இறங்கினேன். யாரும் தர மாட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. குழந்தைக்கு ஒரு தடவை கொடுத்துவிட்டார்கள், அவர்கள் மனதில் அந்த வேலை முடிந்துவிட்டது. "அதான் போட்டோமே, போய்ச் சேரலன்னா மெஷினைக் கேளு" என்கிறார்கள்.

அப்பாவின் வருஷ விருந்தை ஆகஸ்ட் 3ஆம் தேதிக்கே இழுத்துவிட்டேன். சொல்லியனுப்பியாயிற்று. நீ வர வேண்டாம்.

எஸ்தெபெஸ்


பிஷ்கெக்,
ஜூலை 30

விருந்து கொடுப்பவருக்கு,

வர மாட்டேன். எனக்கு இங்கே வியாபாரம் இருக்கிறது.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் குடையை விரித்து நிற்கிறேன். போகிற வருகிறவர்களிடம், "ரீசார்ஜ் வேணுமா, நூறு சோமுக்கு நூத்துப் பத்து" என்கிறேன். ரொக்கம் வாங்கிக்கொண்டு என் போனிலிருந்து அவர்கள் போனுக்கு மாற்றுகிறேன். ஒரு நாளைக்குக் கம்பெனி முந்நூறு சோம்வரை மாற்ற விடும். அதற்கு மேல் மாற்றினால் மோசடியாம். இந்தக் கணக்கில் முழுவதையும் மாற்றி முடிக்கும்போது சாய்கலுக்கு எட்டு வயதாகியிருக்கும்.

எதற்கு விற்கிறேன் என்று சிலர் கேட்பார்கள். சொல்வேன். சொன்னதும் நூறோ ஐந்நூறோ கையில் திணித்துவிட்டு, ரீசார்ஜ் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். ஒரு டாக்சி ஓட்டுநர் அதோடு நிற்காமல் மெஷினுக்கு ஓடிப்போய், என் எண்ணில் மேலும் ஐந்நூறு ரீசார்ஜ் செய்துவிட்டு வந்து காட்டினார். அவருக்கும் நன்றி சொன்னேன். கையில் பதினோராயிரம் சேர்ந்திருக்கிறது. பேலன்ஸ் மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது.

மேரிம் நல்ல பெண். பத்தாவது வழி ஒன்றைத் தொடங்கப்போவதாகச் சொல்கிறாள்.

சாய்கல் இப்போது படிகளைப் பற்றிப் பேசுவதில்லை. கட்டிலிலிருந்து இறங்குவதில்லை. உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது. நேற்று என் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "நம்மகிட்டதான் நிறைய பேச்சு இருக்கே, மாமாவோட பேசலாமே" என்றாள். மாமா மலைமேல் இருக்கிறார் என்றேன். "அங்க கேக்காதா?" என்றாள். கேட்காது என்றேன்.

தாளை ஒட்டியதை நான் மன்னித்துவிட்டேன். அது மடத்தனம், யாருக்கும் வரும். அவள் இங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அங்கே குதிரையை வெட்டி யாருக்கு எந்த எலும்பு என்று பங்கு வைக்கப்போகிறீர்கள். அதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்ளவும் நேரமில்லை. பதினொரு நாள்தான் இருக்கிறது.

பர்ச்சின்


கரா-ஜில்கா,
ஆகஸ்ட் 5

பர்ச்சின்,

ஜுமாஷ் இறக்கும் நீல மூடி போட்ட கேன் உனக்கு. அதில் குமிஸ் கிடையாது. வேறு யாரையும் திறக்கவிடாதே. மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் இருக்கிறது. கேனை உன் அண்ணி மூன்று முறை கழுவினாள், ஆனாலும் வாசனை போகவில்லை.

விருந்து எப்படி நடந்தது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன்.

முந்நூறு பேர் வந்தார்கள். முறைப்படி சாப்பிட்டு முடித்த பிறகுதான் மொய் வாசிக்க வேண்டும். நான் முதலிலேயே வாசிக்கச் சொன்னேன். மழை வரும்போலிருக்கிறது என்று காரணம் சொன்னேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பெரியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, துக்க வீடாயிற்றே என்று சும்மா இருந்துவிட்டார்கள். யார் எவ்வளவு என்று பெயர் சொல்லி உரக்க வாசித்தாயிற்று. தூதாலி பெரியப்பா ஐந்தாயிரம். போன தடவை மூவாயிரம். பக்கத்து வீட்டுக்காரர் நாலாயிரம் என்று வாசித்ததைக் கேட்டு அங்கேயே ஏற்றிக்கொண்டார்.

பிறகு விரிப்பில் சாப்பாடு வந்தது. டீ. எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டு. ஜாம். அவ்வளவுதான்.

எல்லோரும் கறி வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இடுப்பு எலும்பு பெரியப்பாவுக்குப் போக வேண்டியது. கத்தியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"எஸ்தெபெஸ், குதிரைங்க எங்கடா?"

"வித்துட்டேன் பெரியப்பா. போன வாரமே."

"பெத்த அப்பனுக்கு ரொட்டியும் டீயுமா போடற?"

"அப்பா சாப்பிட வரல பெரியப்பா. நீங்கதான் வந்திருக்கீங்க."

அதன் பிறகு பணம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் சொன்னேன். மெஷின் விஷயமும் சொன்னேன். அது என் விரல் என்பதையும். யாரும் சத்தம் போடவில்லை. வாசித்த மொய்யைத் திருப்பிக் கேட்பவன் எவ்வளவு கேவலமானவன் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் ரொட்டியைத் தின்றார்கள். பெரியப்பா கத்தியை உறையில் போட்டுவிட்டு எழுந்து போனார். குதிரையில் ஏறும்போது உன் அண்ணியிடம், "இவன் செத்தா நான் டீத்தூள்தான் கொண்டு வருவேன்" என்றாராம். நிஜமாகவே செய்வார்.

செத்தவனுக்கு எத்தனை தடவை கேட்டாலும் கொடுக்கிறார்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அன்று நீ சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்ளாதே. இரண்டு குதிரை வெட்டியது சரிதான். இந்த முறை வெட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்பா கனவில் வந்து திட்டுவார் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். வரவில்லை.

எஸ்தெபெஸ்


பிஷ்கெக்,
ஆகஸ்ட் 9

அண்ணா,

முதலில் என்னுடைய போன கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். கிழித்த பிறகு மேலே படியுங்கள்.

கேனைத் தூக்கிக்கொண்டு நிதியத்துக்குப் போனேன். மேரிம் மூடியைத் திறந்து பார்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள், ரொக்கத்துக்கு ரசீதுப் புத்தகமே தங்களிடம் இல்லை என்றாள். வால்வு விற்கிற கம்பெனியும் ரொக்கம் வாங்காது. கடைசியில் நம் ஊரின் அறுநூற்றுச் சொச்சம் நோட்டுகளையும் நான் மெஷினுக்குத்தான் ஊட்ட வேண்டியிருந்தது.

மெஷின் ஒரு நேரத்தில் ஒரு நோட்டுத்தான் வாங்கும். கசங்கியதைத் துப்பும். ஈரமானதைத் துப்பும். ஆட்டுக் கொழுப்புப் பட்டதைப் பாதி விழுங்கி, யோசித்துவிட்டுத் துப்பும். ஒவ்வொன்றையும் குடையின் கைப்பிடியில் வைத்துத் தேய்த்து நீவினேன். என் பின்னால் வரிசை தெருவரைக்கும் போனது. ஒரு பாட்டி, "ஏம்மா, ஊரையே வாங்கப் போறியா?" என்றாள். இரண்டாவது மெஷின் வயிறு நிறைந்துபோய் அணைந்துவிட்டது. நான்கு மெஷின்கள், இரண்டு நாட்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் நோட்டு. எண்ணை அழுத்தினேன், இரண்டு பொத்தான்களும் வந்தன. எல்லாம் தெரிந்தும், எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டும், என் விரல் தானாகவே வழக்கமான பக்கம் போய் அழுத்திவிட்டது. இருநூறு சோம் ரீசார்ஜ். அண்ணா, அந்தக் கிழவர்களின் விரலை நீங்கள் பிடிக்காமல் இருந்திருந்தாலும் அங்கேதான் போயிருக்கும்.

இன்று மாலை நாலரை மணிக்கு வால்வுக்குப் பணம் கட்டினேன். பெட்டியைக் கண்ணால் பார்த்தேன். தீப்பெட்டி அளவில்கூட இல்லை. மூன்று குதிரை, முந்நூறு பேருடைய மானம், எல்லாம் அதற்குள் இருக்கிறது.

14ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். ஐந்து மணி நேரம் ஆகுமாம். திரும்பி வருவாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பத்தில் இரண்டு பேர் வருவதில்லை என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

கணவாய் உச்சியில், பழைய மின்கம்பத்துக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று ஜுமாஷ் சொல்கிறான். உங்களால் முடிந்தால்.

பர்ச்சின்


கணவாய், மின்கம்பம்,
ஆகஸ்ட் 14

பர்ச்சின்,

வேறு காகிதம் இல்லை. நிதியத்தின் ஒன்பது வழித் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.

உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டாய். "பேசறதுக்கு ஒண்ணுமில்லண்ணா, வெச்சிடாதீங்க" என்றாய். பிறகு நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. போனை ஜுமாஷின் வண்டியில் சார்ஜுக்குச் செருகியிருந்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் கேட்டது. தள்ளுவண்டிச் சக்கரம். ஒரு பெண் யாரையோ டீ குடிக்கச் சொல்வது. உன் குடை இரண்டு முறை விழுந்தது. பதினோரு மணிக்கு மேல் நீ மூச்சு விடுவது கேட்கவில்லை, போன் அணைந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சினாய். பன்னிரண்டுக்குக் காற்று அடித்துக் கட்டாகிவிட்டது. நான் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கம்பத்தைச் சுற்றி ஓடினேன், ஜுமாஷ் சிரிக்கவில்லை. நீயே திரும்பக் கூப்பிட்டாய். அப்போதும் நாம் பேசவில்லை.

இரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம். ஒருவர் ரஷ்ய மொழியில், குரல் ரொம்ப இளசு, வால்வு திறந்து மூடுகிறது என்றார். மூன்று நாள் தாண்ட வேண்டும் என்றார். இரண்டாவதாகச் சொன்னது உன் காதில் விழுந்திருக்காது, ஏனென்றால் அதற்குள் போன் தரையில் விழுந்துவிட்டது. நான்தான் கேட்டேன். மூன்று நாள்.

ஒரு நிமிஷப் பேச்சுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஜுமாஷ் கேட்டான். இரண்டு சோம் என்றேன். மலைக்காரன், விரலைவிட்டு எண்ணினான். இப்படித் தினம் ஐந்து மணி நேரம் நாம் இரண்டு பேரும் சும்மா இருந்தால், உன்னிடம் இருக்கும் பேலன்ஸ் ஒரு வருஷம் வருமாம்.

நாளைக்கும் இங்கேதான் இருப்பேன். நாளை மறுநாளும். ஒன்பது மணிக்குக் கூப்பிடு. பேச வேண்டாம். போனைக் குழந்தையின் கட்டில் பக்கத்தில் வை.

எஸ்தெபெஸ்